ஏற்றிவிட ஓர் ஆள்

பதினோராம் நம்பர்க்காரன் மூட்டையைப் போட்ட அதிர்ச்சி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த தவசியின் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது. மணல் மூட்டை. துவரையாக இருந்தால் இப்படி விழாது, துவரை விழுந்தால் அங்கங்கே சரிந்து தனக்கொரு வாட்டம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும், மணலுக்கு அந்த இணக்கமெல்லாம் கிடையாது, விழுந்த இடத்தில் விழுந்தபடி முறைத்துக்கொண்டு கிடக்கிறது. நூற்றிருபது கிலோ. விருதுநகரில் பதினான்கு வருஷமாகச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவனுக்கு நூற்றிருபது ஒன்றும் பேய் பிசாசு இல்லை. நாற்பது மீட்டர் நடக்க வேண்டும் என்றார்கள், லாரியிலிருந்து கிட்டங்கியில் மூட்டை அடுக்கிய கடைசி அட்டி வரைக்கும் அதைவிடத் தூரம். அதை நினைத்துத்தான் ஸ்ட்ராங்மேன் போட்டியில், புதுமுகப் பிரிவில், பேர் கொடுத்தான். காலை ஒன்பது மணிக்குப் பாலிடெக்னிக் மைதானத்துக்கு வந்து, மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரரிடம் பதினேழு என்று எழுதிய தாளை வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டு, போகிற போக்கில் கேட்டான், "ஏத்தி விடுறதுக்கு எத்தனை பேரு சார் நிப்பாக?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதை ஏத்தி விடுறதுக்கு?" "மூட்டையத்தான்." "தரையிலருந்து நீங்கதாங்க தூக்கணும். தூக்கி, தோள்லயோ முதுகுலயோ போட்டுக்கிட்டு நடக்கணும். அதுதானே போட்டியே." அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்போது மனசில் உட்கார்ந்த சங்கதி இன்னும் எழுந்திருக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் எத்தனை மூட்டை சுமந்திருப்பான், வத்தல், துவரை, உளுந்து, மல்லி, ஒரு மழைக்காலம் முழுக்க உப்பு, அத்தனையிலும் ஒரு மூட்டையையாவது தரையிலிருந்து அவனாக எடுத்திருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. ஒன்றுகூட இல்லை. தன்னைப் பற்றி இப்படி ஒரு விஷயம் தனக்கே தெரியாமல் இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அவன் வேலை, தலையில் துண்டைச் சுற்றி நுனியைப் பிடரியில் தொங்கவிட்டுக்கொண்டு, மூட்டைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பது. பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் கொக்கி போட்டு ஏப் என்று ஒரு தம் கட்டி ஏற்றிவிடுவார்கள். இடது முனையில் யார் யாரோ வந்தார்கள் போனார்கள், வலது முனையில் எப்போதும் இருளப்பன்தான். மூட்டை முதுகில் விழுந்ததும் அவன் உடனே கையை எடுக்க மாட்டான், வாட்டம் பார்ப்பான், இத்தனூண்டு மேலே தள்ளுவான், பிறகு மூட்டையின் அடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டுவான். போ என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரெண்டு தட்டு மூட்டைக்குள் புகுந்து, துவரையைக் கடந்து, முதுகெலும்பில் வந்து சேரும். சேர்ந்தால்தான் கால் நகரும். ஒருநாள் ஒரே தட்டோடு இருளப்பனுக்குத் தும்மல் வந்துவிட, இவன் மூட்டையோடு அப்படியே நின்றான், பின்னால் நின்றவர்களெல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் பேச்சிகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பேச்சிதான் நேற்றுச் சொன்னாள், "வாரம் பூரா தூக்குனது பத்தலைன்னு ஞாயித்துக்கெழமையும் தூக்கப் போறீகளாக்கும்" என்று. பெண்டாட்டி சொல்லுகிற எதையும் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் இது வேறு தூக்கு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், ஒருவன் தோளில் மூட்டையோடு பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறான், அவனைச் சுற்றி ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஆர்ப்பரிக்கிறார்கள். தவசி கையில் கிளாஸோடு அந்தப் படத்தையே பார்த்தான். இதற்கெல்லாமா போட்டி வைப்பார்கள் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினான்கு வருஷத்தில் தன்னை யாரும் பார்த்ததில்லை. மூட்டையைப் பார்ப்பார்கள், கிழிந்திருக்கிறதா ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள், மூட்டைக்கு அடியில் இரண்டு கால் வருகிறதே அது யாருடையது என்று யார் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை ஒரு கூட்டம் பார்க்கட்டும். இவ்வளவுதான் ஆசை, வேறு பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. இருளப்பனிடம் சொன்னபோது அவனும் சந்தோஷமாகத்தான் கேட்டான், கேட்டுவிட்டு, "அங்க யாரு மாப்ள ஏத்தி விடுவா?" என்றான். "அதுக்கெல்லாம் அவுகளே ஆள் வச்சிருப்பாக மாமா." சொன்ன பிறகுதான் இருளப்பன் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை, பீடியை மட்டும் பாதியிலேயே அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். அதற்கப்புறம் மூன்று நாள் மூட்டை ஏற்றினான், தட்டினான், பேச்சு மட்டும் இல்லை. வேறு எவனோ ஏற்றிவிட நான் சுமந்துவிடுவேன் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறோமே என்பது தவசிக்கு இப்போதுதான், இந்த வெயிலில், பதின்மூன்றாம் நம்பரைக் கூப்பிடும்போதுதான், உறைத்தது.

"அண்ணே, பெல்ட் இல்லையா?" பக்கத்தில் நின்ற பதினாறாம் நம்பர்க்காரன். நவநீதன் என்று பேர் சொன்னான், ஜிம்முக்குப் போகிற பையன், பையன் என்ன பையன், முப்பது இருக்கும், கை ஒவ்வொன்றும் தவசியின் தொடை மாதிரி. இடுப்பில் அகலமாக ஒரு தோல் பெல்ட் கட்டி, உள்ளங்கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினான் தவசி. "எத்தனை மாசமாப் பழகுறீங்க?" பதினான்கு வருஷம் என்று சொல்ல வாயெடுத்து, அது இந்தக் கேள்விக்குப் பதிலா இல்லையா என்று சந்தேகம் வந்து, "இதுதான் முத வாட்டி" என்றான். நவநீதன் கேலி செய்யவில்லை. கேலி செய்கிற முகம் இல்லை அது, அவனுக்கே உதடு காய்ந்துபோயிருந்தது. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. நான் எட்டு மாசம் இந்த ஒரு மூட்டைக்காகவே பழகுனேன். அறுபதுல ஆரம்பிச்சு அஞ்சஞ்சு கிலோவாக் கூட்டி. பழகாம வர்றவங்க மொழங்கால் வரைக்கும் எடுத்துருவாங்க, அங்கதான் ஆபத்தே. கூட்டம் கத்தும், ரோஷம் வந்து இடுப்பை வச்சு ஒரு வெட்டு வெட்டுவாங்க பாருங்க, அதோட போச்சு. மொழங்காலுக்கு மேல வரலைன்னா விட்ருங்க. வெக்கப்படாதீங்க." தவசிக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை, நல்லதுக்குத்தானே சொல்கிறான். அதே நேரம் மைக்கில் கண்ணாடிக்காரர் குரல், "புதுமுகப் பிரிவில் பயிற்சி இல்லாதவர்கள் யாராவது இருந்தால் இப்போதே பெயரை விலக்கிக்கொள்ளலாம், அதில் அவமானம் ஏதும் இல்லை." அவமானம் ஏதும் இல்லை என்று மைக் வைத்துச் சொன்னால் எப்படி இல்லாமல் போகும். பயிற்சி இல்லாதவர்கள். அந்த வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பயிற்சி இல்லாதவனா. காலையில் ஏழு மணிக்குத் தலையில் துண்டு சுற்றினால் சாயங்காலம் அவிழ்க்கிறேன், நான் பயிற்சி இல்லாதவன், எட்டு மாசம் ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்றவன் பயிற்சி உள்ளவன். நியாயமா இது. நியாயம்தானோ.

செல்லச்சாமி அண்ணனும் பயிற்சி உள்ளவர்தானே. அவரை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்தான், அவரோ ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். தவசி வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிட்டங்கியிலேயே அவரைப்போல நடை யாருக்கும் கிடையாது, மூட்டையோடு நடந்தால் முதுகில் ஒன்றும் இல்லாதவன் மாதிரி இருக்கும். ஒரு தீபாவளிச் சமயம், லாரிக்காரன் ஆரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான், ஏற்றிவிடுகிறவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். "ஒரு மூட்டைதான? நானே எடுத்துக்கிறேன்" என்று குனிந்து கட்டிப் பிடித்தார். முழங்கால் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுகொண்டு ஒரு வெட்டு வெட்டினார். தவசி நாலு அடி தள்ளித்தான் நின்றிருந்தான், அவனுக்கே அந்தச் சத்தம் கேட்டது, பழைய வேட்டி கிழிகிற சத்தம். அண்ணன் முதலில் சிரித்தார். அதுதான் மறக்க முடியவில்லை, ஏதோ விழக் கூடாத இடத்தில் வழுக்கி விழுந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்து ஒரு சிரிப்பு. அப்புறம் அந்த மூட்டை மேலேயே மெதுவாகக் கவிழ்ந்தார். இப்போது எடைமேடையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். தும்மல் வந்தால் போதும், எழுதுகிறதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொள்வார். பேச்சிக்கு இது தெரியும், அதனால்தான் இன்று காலை வாசலில் நின்று, கேலியெல்லாம் போன குரலில், "கப்பெல்லாம் வேணாம், இடுப்பைக் கொண்டாந்து சேருங்க" என்றாள். இடுப்பு போனால் வீட்டில் என்ன இருக்கிறது, எல்லாம் இந்த இடுப்பின் மேல்தான் நிற்கிறது, அவள், பிள்ளைகள், அடுப்பு. இதைக் கொண்டுபோய் ஒரு மணல் மூட்டைக்கு முன்னால் வைப்பதற்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்.

கழன்று விடலாம். தாளில் நாலே நாலு குண்டூசி. சிறுநீர் கழிக்கப் போகிறவன் மாதிரி அந்தப் புளியமரத்துப் பக்கம் நடந்தால் மதில் ஓரமாகவே ரோட்டுக்குப் போய்விடலாம், பதினேழு பதினேழு என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் பதினெட்டைக் கூப்பிடுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம். முதல் குண்டூசியைக் கழற்றிக்கூட விட்டான். கழற்றிவிட்டு எங்கே போடுவது என்று தெரியாமல் விரல் நடுவில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்க் கயிற்றோரம் இருளப்பன் நிற்பதைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதே காக்கி டவுசர், தோளில் அதே துண்டு, காதில் பீடி. வருவதாகச் சொல்லவே இல்லையே. தவசியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான், எங்கே கை கொடுத்தால் வாட்டமாக வரும் என்று பார்க்கிற பார்வை, அது தவசிக்குத் தெரியும். இத்தனை நாள் என் பலம் என் பலம் என்று நினைத்தோமே, அதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு இவனுடையது என்று ஒரு கேள்வி எழுந்தது. தரையிலிருந்து முதுகு வரைக்கும் இவன், அங்கிருந்து அட்டி வரைக்கும் நான். பாதிப் பலத்தை அந்தப் பக்கக் கயிற்றோரம் விட்டுவிட்டு வந்து நிற்கிறேன், அதனால்தான் பயிற்சி இல்லாதவன். ஆனால் போய்விட முடியாது. இருளப்பன் பார்க்க வந்துவிட்டான், பேசாமல் வந்துவிட்டான், இனி எப்படிப் போவது. குண்டூசியை மறுபடியும் குத்தினான், அவசரத்தில் அது பனியனோடு சேர்ந்து நெஞ்சுத் தோலிலும் ஏறிவிட்டது.

நவநீதன் போனான். குனிந்து மூட்டையைக் கட்டிப்பிடித்து, மடியில் ஏற்றி, அங்கே கொஞ்சம் நிறுத்தி, பிறகு மடியிலிருந்து தோளுக்கு உருட்டினான். இதுவா வித்தை, மடியில் ஒருமுறை உட்கார வைக்க வேண்டுமா, இதை யாரும் சொல்லவில்லையே என்று தவசி அதையே மனசுக்குள் இரண்டு தடவை செய்து பார்த்தான். நவநீதன் நடந்தான், முகம் கத்தரிக்காய் நிறமாகி, கோட்டைத் தாண்டி, மூட்டையைப் போட்டுவிட்டு ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தான். நான்கு பேர் மூட்டையைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். பதினேழு. தன் கால் கயிற்றைத் தாண்டுவதைத் தவசி யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்தான். வெயில், சுண்ணாம்புக் கோடு, கூட்டத்தில் எவனோ, "அட, நம்ம கிட்டங்கி ஆளுப்பா!" நெஞ்சில் அந்த ஊசி குத்திக்கொண்டே இருந்தது. மூட்டை கிட்டத்தில் பார்க்கச் சின்னதாக இருந்தது, இத்தனை சின்ன மூட்டையை இவ்வளவு பாரத்தோடு அவன் பார்த்ததில்லை. விசில் ஊதினார்கள். தவசி மூட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான், தலையில் சுற்றியிருந்த துண்டின் நுனியைப் பிடரியில் இழுத்துவிட்டான், குனிந்தான், கையை முழங்காலில் ஊன்றினான். அப்படியே நின்றான். ஒரு நொடி, இரண்டு நொடி. ஏன் இன்னும் ஏறவில்லை, ஏன் இன்னும் தட்டவில்லை என்று முதுகு காத்திருந்தது. பிறகு கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்டது, முதலில் ஓர் ஓரத்தில், அப்புறம் மைதானம் முழுக்க.

உடம்பெல்லாம் கூசிவிட்டது. திரும்பினான், நவநீதனைப்போலக் கட்டிப்பிடித்தான், முகம் சாக்கில் அழுந்தியது, சாக்கு சாக்குத்தான், அந்த வாசனை அவனுக்குத் தைரியமாக இருந்தது. இழுத்தான். வரவில்லை. இன்னொரு தம். வந்தது, தரைக்கும் மூட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, பதினான்கு வருஷத்தில் முதல் தடவை, தானாக, தனியாக, வந்துவிட்டது, கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். அங்கே நின்றுவிட்டது. மணல் கீழ் மூலையில் இறங்கித் தொங்கியது. கூட்டம் இப்போது சிரிக்கவில்லை, தூக்கு தூக்கு என்று ஒரே குரலாகக் கத்தியது, அவனைப் பார்த்து, அவனையேதான், இதற்காகத்தானே வந்தான், இடுப்பை வைத்து ஒரே ஒரு வெட்டு வெட்டினால் மடிக்கு வந்துவிடும், மடிக்கு வந்தால் தோளுக்கு, தோளுக்கு வந்தால் அப்புறம் நாற்பது மீட்டரில் இந்த ஜில்லாவிலேயே அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. இடுப்பில் இடது பக்கம் ஓர் இடம் சுள்ளென்றது. சின்னதாக, கூப்பிடுகிற மாதிரி. செல்லச்சாமி அண்ணன் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். இடுப்பைக் கொண்டாந்து சேருங்க. தூக்கு, தூக்கு. தவசி மூட்டையை இறக்கினான். போடவில்லை. போட்டால் சாக்கு பிரிந்துவிடும் என்று கை தானாகவே பழக்கத்தில், குழந்தையைக் கிடத்துவதுபோல, ஓசையில்லாமல் தரையில் வைத்தது. "ஓ"வென்று கூட்டம் அடங்கியது. அவன் தாளைக் கழற்றிக் கண்ணாடிக்காரரிடம் நீட்டி, "இதுக்கு மேல நான் தூக்குனதில்ல சார்" என்றான். அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டான், வியர்வையோடு வியர்வையாகப் போய்விடும்.

"அடுத்தது, பதினெட்டு" என்று மைக் சொன்னது. அதற்குள் இருளப்பன் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டான். "யாருங்க நீங்க, ஆள் உதவி செய்யக் கூடாது, ரூல் இருக்கு" என்று கண்ணாடிக்காரர் எழுந்தார். "அவன் தோத்துட்டான்ல சார்? தோத்த ஆளுக்கு என்ன ரூலு?" என்றான் இருளப்பன், மூன்று நாளாகப் பேசாத வாயால். அவன் மூட்டையின் வலது முனையில் போய் உட்கார்ந்து, இடது முனைக்கு யார் என்று சுற்றிப் பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நவநீதன் வந்தான். "எப்படிண்ணே பிடிக்கணும்?" "மூலையத் திருகிப் பிடி, தம்பி. நான் ஏப்னு சொன்னா ஏத்து, முன்னாடியே ஏத்துனா அவன் கழுத்துல உழுந்துரும்." கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார், பிறகு என்ன தோன்றியதோ மைக்கை மேசையில் வைத்துவிட்டார். தவசி திரும்பிக் குனிந்தான். ஏப். வந்து விழுந்தது. மணல்தான், இணங்காத மணல், இருந்தாலும் இத்தனூண்டு மேலே தள்ளி யாரோ அதற்கொரு வாட்டம் கண்டுபிடித்தார்கள். பிறகு அடியில் ரெண்டு தட்டு.

நடந்தான். நடக்க ஆரம்பித்ததும் காலையிலிருந்து தலைக்குள் இரைந்துகொண்டிருந்ததெல்லாம் நின்றுவிட்டது. பயிற்சி, பெல்ட், புளியமரம், ஒன்றும் இல்லை. இடது கால், வலது கால். தரை. வெயில் முதுகில் படவில்லை. கூட்டம் கத்துகிறதா சும்மா இருக்கிறதா என்றுகூட அவன் கவனிக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு காலுக்கு அடியில் வந்து பின்னால் போனது. யாரும் கடிகாரத்தை அமுக்கவில்லை, எத்தனை நொடி என்று யாருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டி நின்றபோதுதான், இறக்குவதற்கு இங்கே அட்டி இல்லையே என்று ஞாபகம் வந்தது, வெறும் மைதானம். பின்னாலேயே ஓடிவந்த இருளப்பன் மூச்சு வாங்க மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்தான்.

"எறக்கட்டா மாப்ள?"

"இருக்கட்டும் மாமா," என்றான் தவசி. "செத்த நேரம் நிக்கிறேன்."